இரண்டு பச்சை

முதலில் ரயில் வேகம் குறைந்தது. அதற்கப்புறம்தான் முனிரத்தினம், “மஞ்சள்” என்றார். வேதவல்லியும் வழக்கம்போல “மஞ்சள்” என்று திருப்பிச் சொல்லிவிட்டு மடியில் இருந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். தோலைக் காகிதப் பையில் போடும்போதுதான் மனசில் என்னவோ இடறியது. என்ன அது? அறைச் சாவியை விடுதியில் கொடுத்தாயிற்று. பாஸ்போர்ட் இரண்டும் இடுப்புப் பையில் இருக்கின்றன, இப்போதுகூடத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ரைஸ் குக்கரின் ஒயரை மறக்காமல் சுருட்டி வைத்தாயிற்று. எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலுக்கு மூன்று பிளாஸ்டிக் உறை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எங்கேயோ ஏதோ ஒன்று முன்பின்னாகிவிட்டது, சாதத்தை வடித்துவிட்டு அப்புறம் அரிசி களைந்த மாதிரி. எது முன்பின் என்று யோசித்துப் பிடிப்பதற்குள் ரயில் மறுபடி வேகமெடுத்தது, யோசனையும் கைநழுவிப் போயிற்று. ஒரு சுளையை எடுத்துக் கணவர் பக்கம் நீட்டினாள். அவர் கை சுளைக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் காற்றைப் பிடித்தது, பிறகு அவள் மணிக்கட்டைத் தொட்டு, அப்படியே வழுக்கி வந்து சுளையை வாங்கிக்கொண்டது. வண்டி ஆடுகிறது, வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டி அப்படியொன்றும் ஆடவில்லை. ஆஸ்திரியாவில், ஒரு மலைப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராக நின்று போகிற இரண்டு பெட்டி ரயில் அது. டிரைவருக்கும் பயணிகளுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். முதல் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் டிரைவர் பார்க்கிற தண்டவாளம் முழுக்க நமக்கும் தெரியும். முனிரத்தினத்துக்கு இதைவிட வேறு சொர்க்கம் வேண்டுமா? ஜோலார்பேட்டையிலிருந்து முப்பத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவர், பாதி கூட்ஸ், பாதி எக்ஸ்பிரஸ். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் ரயில் சத்தம் கேட்டால் மணி பார்க்கிற மனுஷன். கிளம்புவதற்கு முன்னால், கூந்தலைக் குதிரைவாலாகக் கட்டியிருந்த பெண் டிரைவரிடம் தன் நெஞ்சைத் தொட்டு, “டிரைவர். இந்தியா” என்று சொல்லி வைத்தார். அந்தப் பெண் எழுந்து நின்று சல்யூட் அடித்தாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட நீங்கள் இப்படிச் சிரிக்கவில்லை என்று வேதவல்லி சொன்னதற்கு, “அன்னிக்கு சல்யூட் அடிக்க ஆளு இல்ல” என்றார். பதினாறு நாளாகச் சுற்றுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்து, கொலோன், ரைன் ஆற்றங்கரை, ஸ்ட்ராஸ்பர்க், சுவிட்சர்லாந்து என்று எல்லாமே ரயில், எல்லாமே பகல். ஊரில் எல்லாரும் பத்து நாளில் பஸ்ஸில் பத்து நாடு பார்த்துவிட்டு வருகிறார்கள். இவர் மட்டும், நான் என்ன பார்சலா, நிதானமாத்தான் போவணும், இருட்டினா வண்டி ஏறக் கூடாது என்றுவிட்டார். அடுத்த வாரம் இத்தாலி, வெனிஸ், அங்கிருந்து வீடு. இத்தனை நாளும் பக்கவாட்டு ஜன்னல்தான் வாய்த்தது, முன்கண்ணாடி இன்றைக்குத்தான். அதனால்தான் ஏறியதிலிருந்து சிக்னல் சொல்லிக்கொண்டே வருகிறார்.

சிக்னல் சொல்வது இன்ஜினுக்குள் நடக்கிற சமாசாரம். தூரத்தில் சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிற அசிஸ்டன்ட்டும் தன் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருத்தர் கண் ஏமாந்தாலும் இன்னொருத்தர் கண் ஏமாறக் கூடாது என்பதற்காக. கல்யாணமான புதிதில் அவர்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வாசலில் நின்றால் யார்டு சிக்னல் தெரியும். காலையில் வாயெல்லாம் பற்பசை நுரையோடு அங்கே நின்று, “பச்சை!” என்பார். அடுப்படியிலிருந்து இவள், “பச்சை!” என்பாள். “பாத்து சொல்லு வேதா. பாக்காம சொன்னா அது சொன்னதே இல்ல.” “பருப்பு பொங்குது. பருப்ப பாக்கறதா, உங்க சிக்னல பாக்கறதா?” அப்படியே அது வீட்டுப் பேச்சாகிப் போயிற்று. வெளியூர் கிளம்பும்போது கேஸ் என்பார், பச்சை என்பாள். கொல்லைக் கதவு என்பார், பச்சை என்பாள். மகள் சுகுணா பத்தாவதில் கணக்கில் தேறியது பச்சை. அவளுக்கு முதலில் வந்த மாப்பிள்ளை செவப்பு. சண்டை போட்டால் இரண்டு நாள் செவப்பு, அப்புறம் மஞ்சள், அப்புறம் யாராவது ஒருத்தர் சிரித்துத் தொலைத்தால் பச்சை. நாற்பத்தொரு வருஷமாக அவர் சொல்கிறதை அவள் திருப்பிச் சொல்கிறாள், ஒரு நாள்கூடப் பின்வாசலுக்கு வந்து பார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ரயில்வே டாக்டர் சோதித்துச் சோதித்துச் சரி என்று எழுதிக்கொடுத்த கண்ணாயிற்றே அது.

“அது இன்னா, ஆறா?” என்றார். ஆறுதான் என்றாள். தண்ணீர் பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஓடுகிறது, கரையெல்லாம் வெள்ளைக் கல், ஒருத்தன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தூண்டில் போடுகிறான். “தொப்பி போட்டுக்கினு இருக்கானா?” “இல்ல. உங்கள மாதிரி சொட்டை.” அவர் சிரித்தார். இந்தப் பயணத்தில் அவளுக்குப் பிடித்ததே இதுதான். ஊரில் வாயைத் திறந்தால் தன் கதையைத்தான் சொல்வார், எந்த ஸ்டேஷனில் எந்த வருஷம் எந்த மாடு குறுக்கே வந்தது என்பது வரைக்கும். இங்கே வந்ததிலிருந்து அது இன்னா, இது இன்னா, அந்த வூட்டுக் கூரை இன்னா கலரு, அந்தம்மா இன்னா துணி போட்டுக்கினு இருக்குது என்று கேட்டுக்கொண்டே வருகிறார். இவள் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். இத்தனை வருஷம் கழித்து ஒரு மனுஷனுக்குப் பெண்டாட்டி பேச்சைக் கேட்கத் தோன்றியிருக்கிறதே என்று உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு. அந்த இடத்தில் மனசு ஒரு நொடி நின்றது, பிறகு நகர்ந்தது. ரயில் வேகம் தணிந்தது. உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தது. “மஞ்சள்” என்றார் முனிரத்தினம், முழங்காலின் மேலிருந்து ஒரு விரலைத் தூக்கி. இந்த முறை அவள் வாய் திருப்பிச் சொல்லவில்லை. பிடித்துவிட்டாள். முன்பின்னானது இதுதான். சிக்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு அப்புறம்தான் பிரேக் போடுவார்கள். இவர் பிரேக் விழுந்த பிறகு சிக்னல் சொல்கிறார். “இன்னா, அசிஸ்டன்ட்டம்மா தூங்கிட்டாங்களா?” என்றார். “மஞ்சள், மஞ்சள்” என்று அவசரமாகச் சொன்னாள்.

முப்பத்தாறு வருஷம் வண்டியோடு ஒட்டிப்போன உடம்பு. வண்டி தணிந்தால் மஞ்சள், தணியாமல் போனால் பச்சை என்று அந்த முதுகெலும்புக்கே தெரியும், கண் வேண்டியதில்லை. கண் வேண்டியதில்லை. ஐயோ, இது என்ன நினைப்பு, நடுப்பகலில், இவ்வளவு வெயிலில், பக்கத்தில் மனுஷன் ஆரஞ்சு தின்றுகொண்டு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது. ஆனால் நினைப்பு ஆரம்பித்துவிட்டால் யார் சொல்லிக் கேட்கும்? நூல் பிரிந்த ஸ்வெட்டர் மாதிரி பதினாறு நாளும் பின்னாலிருந்து அவிழ்ந்துகொண்டு வந்தது. கொலோனில் அந்தப் பெரிய சர்ச்சுக்கு முன்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தாரே, அதில் கோபுரமும் இல்லை, அவளும் இல்லை, வானமும் ஒரு மூலையில் அவள் கொண்டையும் இருந்தன. இதுக்கு என் கொண்டைய மட்டும் பார்சல் பண்ணி அனுப்பியிருக்கலாமே என்று எவ்வளவு கேலி செய்தாள். நேற்று வண்டி மாறிய ஸ்டேஷனில் இறங்கும்போது முதல் படியில் சரியாகக் கால் வைத்தார், இரண்டாவது படி என்று ஒன்று இருப்பதே தெரியாததுபோல் அப்படியே முன்னால் போய் பிளாட்பாரத்தில் மண்டியிட்டார். எவனோ இடிச்சிட்டான் என்றார். பின்னால் இருந்தது அவள் ஒருத்திதான். ஆனாலும், இல்லவே இல்லாத அந்த எவனையோ அவரோடு சேர்ந்து திட்டினாளே, கட்டையில போறவன் என்று. இரண்டாவது படி. பிறகு அந்தச் சின்ன வெள்ளை பாட்டில், லேபிள் கிழித்தது. கண்ணு காஞ்சி போவுது, அதுக்குச் சொட்டு மருந்து என்றார்; காலையும் சாயங்காலமும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எவனாவது கண்ணுக்கு மருந்து போடுவானா? பத்து வருஷமாக வெளிநாடு போகலாமா என்று கேட்டால் நான் பாக்காத ரயிலா என்றவர், தை மாசம் பழைய சிநேகிதனைப் பார்க்க என்று வேலூர் போய்விட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், “போலாம் வேதா. இந்த வருசமே போலாம்” என்றார். வேலூரில் அவருக்கு எந்தச் சிநேகிதன்? கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் உடனே “பச்சை” என்று சொல்லிவிட்டாள்.

ஏகாம்பரம் ஞாபகம் வரக் கூடாது என்று நினைத்தாள், அதனாலேயே வந்தது. இவரோடு சேர்ந்து வேலையில் சேர்ந்த டிரைவர் ஏகாம்பரம். நாற்பத்தெட்டு வயசில் கண் பரிசோதனையில் தேறவில்லை. வேறு வேலை கொடுத்தார்கள், குறைவாக ஒன்றும் நடத்தவில்லை. ஆனாலும் சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே இவர்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து யார்டைப் பார்த்து நிற்பார். “இப்ப இன்னா முனி?” என்பார். இவர் பக்கத்தில் நின்று, பச்சைண்ணா, இப்ப மஞ்சள், இப்ப செவப்புண்ணா என்று ஒரு மணி நேரம்கூடச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஏகாம்பரம் போன பிறகு முனிரத்தினம், “எனக்கு இந்த மாதிரி ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார். என்கிட்டயுமா என்று கேட்டாள். “உன்கிட்டதான் மொதல்ல சொல்ல மாட்டேன். நீ அழுவ.” அன்றைக்கு அதை ஒரு கொஞ்சலாகத்தான் எடுத்துக்கொண்டாள், கன்னத்தில் இடித்தாள். இல்லை, எல்லாம் வீண் பயமாகக்கூட இருக்கலாம். வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசுகிறது, இவளுக்கே கூசுகிறது, அவருக்கு வயசு அறுபத்தொன்பது, பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிக்காதவர்கள் யார்? பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். அடுத்த சிக்னலை அவர் சொல்வதற்கு முன்னால் தானே பார்த்துவிட வேண்டும். பையைக் கீழே வைத்தாள், மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எந்தப் பக்கம் பார்ப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வலது பக்கம் இருந்தது. மர ஆலை ஒன்று, அடுக்கி வைத்த பலகைகள், அதைத் தாண்டியதும் கம்பம். அதில் இரண்டு விளக்கு. இரண்டும் பச்சை, ஒன்று மேலே, ஒன்று கொஞ்சம் கீழே, சாய்வாக. வேதவல்லி திடுக்கிட்டாள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் அவளுக்குச் சொல்லாத சிக்னல் கிடையாது. செவப்பு உண்டு, மஞ்சள் உண்டு, ரெட்டை மஞ்சள் உண்டு, பச்சை உண்டு. ரெண்டு பச்சை என்று ஒன்று அவர் வாயில் வந்ததே இல்லை. இப்படி ஒன்றைக் கண்ணால் கண்டிருந்தால் அந்த மனுஷன் இருக்கையில் இருப்பாரா? எழுந்து நின்றிருப்பார், கண்ணாடியைத் தட்டி அந்தப் பெண்ணிடம் அது இன்னா கணக்கு என்று கையாலும் காலாலும் கேட்டிருப்பார், ராத்திரி சுகுணாவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் அறுத்திருப்பார். கம்பம் வந்தது, போயிற்று. வண்டி தணியவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, நிம்மதியாக, விரலைத் தூக்கி, “பச்சை” என்றார்.

“பச்சை” என்றாள். குரல் உடையவில்லை, அதுவரைக்கும் சாமர்த்தியம்தான். முதலில் வந்தது கோபம். நாற்பத்தொரு வருஷம் கூட இருந்தவளிடம் ஒரு மனுஷன் கண்ணை ஒளித்துவைப்பானா? அப்புறம் வந்தது அவர்மேல் இல்லை, தன்மேல். இந்தப் பதினாறு நாளும் இவர் பார்த்ததெல்லாம் அவள் வாயால் பார்த்தது. அவள் என்ன சொன்னாள்? நல்லா இருக்குது என்றாள். பெரிசா இருக்குது என்றாள். சுவிட்சர்லாந்தில் மலைமேல் ஏறுகிற ரயிலில், ஊரெல்லாம் வாயைப் பிளந்து பார்க்கிறபோது, முந்தின நாள் அலுப்பில் பாதி நேரம் தூங்கிவிட்டு, அவர் தோளைத் தொட்டு இன்னா தெரியுது என்று கேட்டதற்கு, “பனிதான், வேற இன்னா” என்றாளே. ஒரு முழு மலையை அந்த ஒரு வார்த்தையில் முடித்தாளே. அவர் அதற்கும், ஆங், பனி என்று தலையாட்டிக்கொண்டார். பாவி, பாவி. இப்போதே சொல்லிவிடலாமா? சொன்னால் அந்தச் சல்யூட் வாங்கின சிரிப்பு போய்விடும், இனி எந்த முன்கண்ணாடியிலும் உட்கார மாட்டார். சொல்லாமல் விட்டால் கடைசி ஸ்டேஷன் இன்னும் பத்து நிமிஷத்தில், இறங்கி ஆறு நிமிஷத்துக்குள் அடுத்த வண்டிக்கு மாற வேண்டும், அங்கேயும் இரண்டாவது படி இருக்கும். நேற்று முழங்காலோடு போயிற்று. சொல்வதா, விடுவதா, படி, சல்யூட், படி. மடியில் மீதி இருந்த ஆரஞ்சைப் பிசைந்துவிட்டிருந்தாள், சாறு புடவையில் வழிந்தது.

வண்டி வளைவில் திரும்பியது. தூரத்தில், ஊசியிலை மரங்களுக்கு நடுவே, இன்னொரு கம்பம். நிறம் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினாள். அவர் விரல் முழங்கால்மேல் தயாராக இருந்தது; நிமிர்ந்த முதுகு, நேர்ப் பார்வை, வேலைக்குக் கிளம்புகிற நாளின் அதே களை. இந்த முகத்தை விட்டு எங்கே போவேன் என்று நினைத்தாள். அப்போது விளக்கு தெரிந்தது. யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது, கைகூடத் தானாக நீண்டது.

“ரெண்டு பச்சை.”

அவர் விரல் அப்படியே நின்றது. “இன்னா சொன்ன?”

“ரெண்டு பச்சை. ஒண்ணு மேல, ஒண்ணு கொஞ்சம் கீழ. சாய்வா இருக்குது.”

“ரெண்டு பச்சைன்னு ஒண்ணு கெடையாது வேதா.”

“நம்மூர்ல கெடையாது. இங்க இருக்குது. நான் பாத்துதான் சொல்றேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. நானும் பாத்தேன் என்று அவர் சொல்லிவிட்டால்? சொல்லட்டும். சொன்னால் ஆமாங்க என்று விட்டுவிடலாம், இன்னும் ஒரு வாரம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம், கையை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். கம்பம் நெருங்கியது, ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அவர் தலையைத் திருப்பவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் குதிரைவால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வண்டி ஒரே சீராகப் போனது. பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி நீட்டினார், நன்றாக, முழுசாக.

“ரெண்டு பச்சை” என்றார். அது டிரைவர் குரல் இல்லை. பக்கத்து இருக்கைக் குரல், திருப்பிச் சொல்கிற குரல்.

நீட்டிய கையை மடக்கி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். “எப்பத்திலேருந்து தெரியும்?” என்றார்.

“இப்பதான். அது வரைக்கும் நீங்க சொன்னத சொல்லிக்கினுதான் இருந்தேன்.”

“நாப்பது வருசமா அதானே பண்ற.” உதட்டில் சிரிப்பு வந்து நின்றது. “இன்னிக்குதான் பாத்து சொல்லியிருக்க.”

“வேலூர் டாக்டரு இன்னா சொன்னாரு?”

“இருக்கறத காப்பாத்திக்கலாம், போனது வராதுன்னாரு. நடுவுல கொஞ்சம் வெளிச்சமா தெரியுது. உன் மூஞ்சி கிட்ட வந்தா தெரியுது.”

“சொல்லக் கூடாதா? நான் இன்னா வேத்து ஆளா?”

“சொன்னா நீ என்னையே பாத்துக்கினு இருப்ப. அப்பால ஊர யாரு பாக்கறது?”

அழுதாள். அவர் சொன்னபடியே அழுதாள். ஆனால் அழுதுகொண்டே முன்னால் பார்த்தாள், ஏனென்றால் அடுத்த கம்பம் வந்துகொண்டிருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு மஞ்சள்” என்றாள். “ரெண்டு மஞ்சள்” என்றார். அதற்கப்புறம்தான் வண்டி தணிந்தது. “அந்தப் பனிமலைய பத்தி உங்களுக்கு நான் ஒண்ணுமே சொல்லல” என்றாள். “சொன்னியே. பனிதான்னு சொன்ன.” “வெனிஸ்ல ஒழுங்கா சொல்றேன்.” “தூங்காம இருந்தா சொல்லு” என்று அவள் கையைத் தேடி எடுத்துக்கொண்டார், சாறும் பிசுபிசுப்புமாக இருந்த கையை.

கடைசி ஸ்டேஷன். பெண் டிரைவர் கதவைத் திறந்து மறுபடி ஒரு சல்யூட் வைத்தாள். “சல்யூட் அடிக்குது” என்று வேதவல்லி காதோரம் சொன்னாள். அவர் உடனே விறைப்பாக நின்று திருப்பி அடித்தார், கொஞ்சம் இடப்பக்கமாக. பைகளை முதலில் இறக்கி வைத்துவிட்டு வேதவல்லி பிளாட்பாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“மொதப் படி.”

“மொதப் படி” என்றார், இறங்கினார்.

“ரெண்டாவது படி இருக்குது.”

“ரெண்டாவது படி” என்று திருப்பிச் சொல்லிவிட்டு, பார்க்காமலே காலை வைத்தார்.